அரைப் புள்ளி



கொஞ்சம் நீளமான பதிவு. அரசியலும் சினிமாவும் இதில் இல்லை. ஒரு செஸ் ஆட்டத்தைப் பற்றியது, அதுவும் யாருமே ஜெயிக்காத ஆட்டம். பொறுமை இருப்பவர்கள் தொடரலாம். மற்றவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விளையாடிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் நம் பக்கத்தில் கேட்பது ஒரே கேள்விதான். "ஜெயிச்சியா, தோத்தியா?" பிள்ளை 'டிரா' என்றால், கேட்டவர் முகம் காப்பியில் சர்க்கரை போட மறந்தது போல ஆகிவிடும். "அப்ப ஒண்ணும் ஆவலையா?" என்பார். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலகப் பட்டப் போட்டி நடந்தபோது எங்கள் தெரு டீக்கடையிலும் இதே பேச்சு. முதல் ஆட்டம் 16 நகர்த்தலில் டிரா, இரண்டாவது 25 நகர்த்தலில் டிரா. "இதுக்கா ஊரெல்லாம் பேனர் வச்சாங்க?" என்று கேட்டார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். அந்த இரண்டு ஆட்டமும் ஒரே காரணத்தால்தான் முடிந்தன: பலகையில் ஒரே நிலை மூன்று முறை திரும்பி வந்தது. நான் சொல்லப்போகும் ஆட்டமும் அந்த விதியைப் பற்றியதுதான். ஆடியவர்கள் மட்டும் உலக சாம்பியன்கள் இல்லை. ஒருவர் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் காலை நடைத் தோழர். இன்னொருவர் கல்வராயன் மலைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இருவர் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் ஒருவர் நாளைக் காலை நடைக்கு வரமாட்டார்.

ஆட்டத்துக்குப் போகும் முன் மலைக்கு ஒருமுறை போய்வந்துவிடலாம்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து சில வருடம் சும்மா இருந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை மலையில்தான். அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனோம், 2019-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டம் ஆனது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் இரண்டு முறை மாறியது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, மலைப்பாதையில் வெள்ளிமலை வரை பஸ். அங்கிருந்து பள்ளிக்கு நடைதான். ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஐந்து பாடமும் ஒரே தொண்டையில்.

எனக்குச் செஸ் பைத்தியம் பயிற்சிப் பள்ளி விடுதியில் பிடித்தது. என்.சி.பி.எச். புத்தக வண்டி ஊருக்கு வரும்போது சோவியத் செஸ் புத்தகம் ஏதாவது மலிவாகக் கிடைக்கும். ஆங்கிலம் பாதி புரியும், படம் முழுதும் புரியும். மலைப்பள்ளியில் மாலை நேரத்துக்குத் துணை வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தேன். செஸ் போர்டு வாங்க ஏது காசு? சிமென்ட் தரையில் சாக்கட்டியால் அறுபத்து நான்கு கட்டம். கல்வராயன் மலையில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை, அதுதான் யானை. சிப்பாய்க்குப் புளியங்கொட்டை. ராஜாவுக்குப் பேனா மூடி, ராணிக்கு உடைந்த வளையல். மற்றதற்குக் கையில் கிடைத்தது. ஒரு பக்கத்துக் காய்களுக்குச் சுண்ணாம்பு பூசினால் வெள்ளை தயார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஆட்டம் முடியுமுன் இருட்டிவிடும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகவேண்டும். மறுநாள் காலையில் வந்தால் யாரோ பெருக்கி வைத்திருப்பார்கள். "கடுக்கா இங்கதான் இருந்துச்சி." "இல்ல, அங்க." அடிதடி. அதனால்தான் நகர்த்தலை எழுதக் கற்றுக் கொடுத்தேன், வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. கட்டத்துக்கு ஏ, பி, சி என்று எட்டு எழுத்து, ஒன்று முதல் எட்டு வரை எண். அது பிரச்சினை இல்லை. காய்க்கு என்ன எழுதுவது? ராஜாவுக்கு ஏன் 'கே' போடவேண்டும், குதிரைக்கு ஏன் 'என்' என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன சொல்லி விளக்குவது? தமிழிலேயே முதல் எழுத்தைப் போடுங்கள் என்றேன். யானைக்கு 'யா', குதிரைக்கு 'கு', மந்திரிக்கு 'ம'. ராஜாவும் ராணியும் இடித்தார்கள், இரண்டுக்கும் 'ரா'. ஒரு சிறுமி எழுந்து, "கடைசி எழுத்த எடுத்துக்கலாம் சார்" என்றாள். ராஜா 'ஜா' ஆனார், ராணி 'ணி' ஆனார். சிப்பாய்க்கு எழுத்தே இல்லை, கட்டத்தை மட்டும் எழுதினால் போதும். உலகம் முழுக்கவே அப்படித்தான்.

இது ஏதோ மலைப்பள்ளிக் குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப் புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. காயின் பெயருக்கு ஆட்டக்காரர் தன் நாட்டில் வழங்கும் பெயரின் முதல் எழுத்தை எழுதிக்கொள்ளலாம் என்று பின்னிணைப்பில் போட்டிருக்கிறார்கள். எடுத்துக்காட்டும் உண்டு. நாம் மந்திரி என்பதை பிரெஞ்சுக்காரர் 'ஃபூ' என்பார், கோமாளி என்று பொருள். டச்சுக்காரர் 'லோப்பர்' என்பார், ஓடுகிறவன். அவர்கள் கோமாளியையும் ஓடுகிறவனையும் எழுதலாம் என்றால் நாம் மந்திரியை எழுதக்கூடாதா? ராஜா விஷயத்தில் மட்டும் நாங்கள் முதல் எழுத்தை விட்டுக் கடைசிக்குப் போனோம், அதை ஃபிடே மன்னிக்கட்டும்.

சரி, இப்போது ஆட்டம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் போட்டி. ஏழு சுற்று. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து விநாடி கூடும். ரேபிட் என்பார்கள். வந்தவர்களில் முக்கால்வாசி பள்ளிப் பிள்ளைகள். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது ஒலிம்பியாட் நடந்தபோது மாவட்டம்தோறும் அரசுப் பள்ளிகளில் செஸ் போட்டி வைத்தார்கள் அல்லவா, அப்போது பலகையைத் தொட்ட பிள்ளைகள் இன்றைக்கு எங்களைப் போன்றவர்களை இருபது நகர்த்தலில் முடித்துவிடுகிறார்கள். நான் பெயர் கொடுக்கவில்லை. முட்டி ஏழு சுற்று உட்கார ஒத்துக்கொள்ளாது. பார்வையாளனாகப் போனேன்.

ஐந்தாவது சுற்றில் என் தோழருக்கும் மலைக்காரருக்கும் ஜோடி விழுந்தது. இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மேசையின் நட்டநடுவில் நின்றேன். தோழருக்கு இதில் முழுப் புள்ளி வேண்டும், மூத்தோர் பரிசுக்கு நூலிழையில் இருந்தார். மலைக்காரருக்குப் பரிசு எதுவும் எட்டும் தூரத்தில் இல்லை.

தோழருக்கு வெள்ளைக் காய். முதல் நாற்பது நகர்த்தலை விட்டுவிடுகிறேன். இரண்டு பேருமே அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கடைசியில் மிஞ்சியது இதுதான். வெள்ளைக்கு ஒரு ராஜா, ஏ8-ல் யானை, ஏ7-ல் சிப்பாய். கறுப்புக்கு ஒரு ராஜா, ஏ1-ல் யானை.

செஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைச் சிப்பாய் இன்னும் ஒரே அடி வைத்தால் ராணி ஆகிவிடும். ஆனால் அந்த ஒரு அடிக்கு முன்னால் அவருடைய சொந்த யானையே குறுக்கே நிற்கிறது, கல்யாண வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரிய மாமா மாதிரி. யானை விலகினால் பின்னாலிருந்து கறுப்பு யானை சிப்பாயை வெட்டிவிடும். அதனால் வெள்ளை ராஜா நடந்து வந்து பி6-ல் நின்று சிப்பாய்க்குக் காவல் இருக்கவேண்டும், பிறகு யானை விலகலாம். ராஜா பி6-க்கு வந்தவுடன் கறுப்பு யானை பி1-க்குப் போய் செக் வைக்கும். ராஜாவுக்கு ஒளிய இடமில்லை, ஓடவேண்டும். ஓடியதும் கறுப்பு யானை திரும்ப ஏ1-க்கு வந்துவிடும்.

கறுப்பு ராஜா மட்டும் சும்மா இருக்க முடியாது, வெள்ளை ராஜா தூரத்தில் இருக்கும்போது கறுப்பு ஏதாவது ஒன்றை நகர்த்தியே ஆகவேண்டும். யானை ஏ வரிசையை விடக்கூடாது, அதனால் ராஜாதான் நகரும். அதற்கு இரண்டே கட்டம் உண்டு, ஜி7, எச்7. மறதியாக எஃப்7-க்கு வந்துவிட்டால் வெள்ளை யானை எச்8-க்குத் தாவும். கறுப்பு யானை ஏ7 சிப்பாயை வெட்டினால் வெள்ளை யானை எச்7-ல் செக். ராஜா விலகியதும் அதே வரிசையில் அந்தக் கோடியில் நிற்கும் கறுப்பு யானை போய்விடும். ஒரு கட்டம் தப்பினால் ஆட்டம் போச்சு.

இந்த முடிவாட்டம் டிரா என்பது புத்தகத்தில் ஆரம்பப் பாடம். என் தோழருக்கும் தெரியும். ஆனால் மலைக்காரரின் கடிகாரத்தில் நாற்பது விநாடிதான் மிச்சம், தோழருக்கு நாலு நிமிடத்துக்கு மேல். எதிராளி தடுமாறுவாரா என்று ராஜாவை இங்கும் அங்கும் நடத்திப் பார்த்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. டிராவை எதிராளி காப்பாற்றிக் காட்டட்டுமே. 2024 டிசம்பர் 12 சிங்கப்பூரில் என்ன நடந்தது? பதினாலாவது ஆட்டம், டிங் லிரென் அமைதியாக நின்றிருந்தால் டிரா, மறுநாள் டைபிரேக். 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-ல் வைத்தார். மூன்று நகர்த்தலில் எல்லாம் முடிந்து நம் குகேஷ் உலக சாம்பியன். உலக சாம்பியனாக இருந்தவருக்கே டிராவைக் கையில் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட்டுக்கொண்டு, பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆளிடம் போய் அதை எதிர்பார்க்க முடியுமா?

தோழரின் ராஜா நாலாவது முறையாக பி6-க்கு வந்தது. மலைக்காரர் காயைத் தொடவில்லை. நகர்த்தல் தாளில் எதையோ எழுதினார். கடிகாரத்தை நிறுத்தினார். கையைத் தூக்கினார்.

"மேடம், இந்த நகர்த்தல வச்சா ஒரே நிலை மூணாவது தடவ வருது. டிரா கேக்கறன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அதுதான் சரியான முறை, ஊர்ப் போட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாத முறை. நிறையப் பேர் காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அமுக்கிவிட்டு, அப்புறம் கேட்பார்கள். அதற்குள் முறை எதிராளிக்குப் போய்விடும், கேட்கும் உரிமையும் போய்விடும். வைக்கப்போகும் நகர்த்தலை முதலில் எழுதவேண்டும், எழுதியதை மாற்றக்கூடாது, நடுவரிடம் சொல்லவேண்டும். கேட்டது பொய் என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள், எழுதிய நகர்த்தலையும் வைத்தே ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டால் நடுவர் தாமாக வந்து ஆட்டத்தை நிறுத்துவார் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தமாட்டார். ஐந்து முறை வந்தால்தான் தாமாக நிறுத்துவது நடுவர் வேலை. மூன்றாவது முறையில் ஆட்டக்காரர் கேட்கவேண்டும். அதேபோல சிப்பாய் நகராமல், எதையும் வெட்டாமல் இரு பக்கமும் ஐம்பது நகர்த்தல் போனால் கேட்டு வாங்கலாம், எழுபத்தைந்து போனால் தானாகக் கிடைக்கும். நம் அரசாங்க அலுவலகம் மாதிரிதான். உங்களுக்கு உரியது உங்களுக்கு உண்டு, ஆனால் மனு எழுதிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும்.

நடுவர் ஒரு இளம்பெண், வெளியூர். வந்து நின்றார். என் தோழர் விடவில்லை.

"தொடர்ச்சியா மூணு தடவ வரலியே மேடம். நடுவுல நான் ராஜாவ எங்கெங்கியோ கொண்டு போயிட்டு வந்தன்."

"தொடர்ச்சியா வரணும்னு விதி இல்ல சார். அதே நிலை, அதே ஆள் நகர்த்த வேண்டிய முறை. எப்ப வந்தாலும் கணக்குதான்."

"அவரு ராஜா ஒரு தடவ எச்7-ல இருந்துச்சி. அது வேற நிலைதானே?"

இது சரியான கேள்வி. என் தோழர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே ஒரு காய் ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் அது வேறு நிலைதான், எண்ணிக்கையில் சேராது. மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள்.

"அத நான் எண்ணல சார்" என்றார் மலைக்காரர் மெதுவாக. "அதுதான் நாலாவது தடவ வரட்டும்னு இருந்தன்."

நடுவர் தாளை எடுத்தார். பார்த்தார். புரட்டினார். "இது என்னங்க எழுத்து?"

தோழர் எட்டிப் பார்த்தார். "ரேபிட்ல எழுதணும்னே இல்ல. அதுலயும் இது என்னன்னு யாருக்குத் தெரியும்? வாத்தியாரே, நீங்க சொல்லுங்க, இது ஒரு கணக்கா?"

மலைக்காரரும் என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நடக்கும் ஆட்டத்தில் பார்வையாளர் பேசக்கூடாது, அது விதி. விதி இல்லையென்றாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. தாள் நிறைய 'யா', 'ஜா', 'யா', 'ஜா'. பொடிப்பொடியாக, கோட்டுக்குள் நிற்கும் எழுத்து. அந்த 'ஜா'வின் வளைவு எந்தக் கரும்பலகையில் முதலில் எழுதப்பட்டது என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண்ணை மெச்சவேண்டும். ரேபிடில் எழுதுவது கட்டாயம் இல்லை, எழுத உரிமை உண்டு, தாள் கேட்டால் கொடுக்கவும் வேண்டும் என்று தோழருக்குப் பதில் சொன்னார். பிறகு பக்கத்து மேசையில் காலியாக இருந்த பலகையை இழுத்தார். "நீங்களே படிங்க, நான் வைக்கிறேன். சார், நீங்களும் பாருங்க, தப்பா இருந்தா சொல்லுங்க." மலைக்காரர் படித்தார். யா ஏ1. ஜா எச்7. யா பி1. அவர் சொல்லச் சொல்ல நடுவர் வைத்தார். பத்து நகர்த்தலுக்குள் அவரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்துத் தானாகவே வைக்க ஆரம்பித்துவிட்டார். தமிழ் தெரிந்தவருக்கு அது ஒன்றும் தேவரகசியம் இல்லையே.

52-வது நகர்த்தல். வெள்ளை ராஜா பி6, கறுப்பு யானை பி1, கறுப்பு ராஜா ஜி7. ஒன்று.

57-வது. எல்லாம் அதேதான், ஆனால் கறுப்பு ராஜா எச்7. இது கணக்கில் இல்லை.

61-வது. ராஜா ஜி7. இரண்டு.

66-வது, இன்னும் வைக்காமல் எழுதி மட்டும் இருப்பது. ராஜா ஜி7. மூன்று.

நடுவர் என் தோழரைப் பார்த்தார். தோழர் பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார். ஆளுக்கு அரைப் புள்ளி.

நாற்பது விநாடி கையிலிருக்க, ஒரு கட்டம் தவறினால் தோல்வி என்ற நிலையில், அந்த ஆள் இன்னொரு கணக்கையும் தலைக்குள் ஓட்டியிருக்கிறார். ராஜா எந்த முறை எந்தக் கட்டத்தில் இருந்தது, அடுத்த முறை எதில் இருக்கவேண்டும் என்று. சும்மா தப்பித்துக்கொண்டிருந்தவராக இருந்தால் ராஜாவை எதேச்சையாக ஜி7-க்கும் எச்7-க்கும் மாற்றி மாற்றி வைத்திருப்பார். இதை 'ஒண்ணும் ஆவாத ஆட்டம்' என்று எப்படிச் சொல்வது?

சுற்று முடிந்து வெளியே வந்து டீ குடித்தோம். ரேபிடில் எதற்கு எழுதுகிறாய், நேரம் போகுமே என்று கேட்டேன். "பழகிடுச்சி சார்" என்றார். அப்புறம் அவர் கடையைப் பற்றிப் பேச்சு போனது. ஜெராக்ஸ் என்று போர்டு இருந்தாலும் முக்கால்வாசி வேலை மனு எழுதுவதுதான். சாதிச் சான்றிதழ், பட்டா, முதியோர் உதவித்தொகை. யாருக்கு எந்தத் தேதியில் என்ன எழுதிக் கொடுத்தோம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாராம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது என்பது கீழே இருக்கும் பல பேருக்கே தெரியாது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து! "எங்க தாத்தா நாப்பது வருசம் ஒரே நெலத்துல உழுதாரு சார். கேட்டா காட்டறதுக்கு ஒரு துண்டுக் காயிதம் கெடையாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, டீயை ஊதிக்கொண்டே சொன்னார். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். தாள் போட்டி நடத்துகிறவர்களுக்குச் சொந்தம் என்பதால் அதைக் கொடுக்குமுன் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

மலைக்காரர் மூன்றரைப் புள்ளியில் முடித்தார். என் தோழருக்கு அரைப் புள்ளியில் மூத்தோர் பரிசு போயிற்று. ஒரு கேடயமும் கொஞ்சம் பணமும். பணம் பெரிதில்லை, கேடயத்தைப் பேரனிடம் காட்டவேண்டும் என்று இருந்தார். இரண்டு நாள் நடைக்கு வரவில்லை. போனில் "சளி" என்றார்.

மூன்றாம் நாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். வந்ததும், "ராஜா எச்7-ல இருந்தா எண்ணக்கூடாதுன்னு அவனுக்கு யாரு வாத்தியாரே சொன்னது?" என்றார். நான் சொல்லவில்லை, சத்தியமாக. அவருக்கு ஆறவில்லை. "ஆனாலும் டிரா டிராதான். அதுல இன்னா ருசி?"

பலகையை எடுத்து வைத்து ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினேன். வியன்னா, 1872. வெள்ளை ஆடியவர் கார்ல் ஹாம்ப்பே, அரசாங்க அதிகாரி. கறுப்பு ஆடியவர் பிலிப் மைட்னர், வக்கீல். செஸ்ஸை வயிற்றுப் பிழைப்பாகக் கொள்ளாத இரண்டு பேர், நம்மைப் போல. மூன்றாவது நகர்த்தலிலேயே மைட்னர் மந்திரியைக் கொடுக்கிறார். வெள்ளை ராஜா வீட்டைவிட்டு வெளியே இழுக்கப்படுகிறது. ஒன்பதாவதில் ராணியையே கொடுக்கிறார். அப்புறம் ஒரு குதிரை. வெள்ளை ராஜா பலகையின் நடுவைத் தாண்டி எதிரி வீட்டுக்குள்ளேயே நடந்து போகிறது, சி5 வரை, சி6 வரை. தோழர் முன்னால் சாய்ந்துவிட்டார். கடைசியில் மைட்னரின் மந்திரி பி7-ல் செக், ராஜா பி5-க்கு ஓட்டம், மந்திரி ஏ6-ல் செக், ராஜா சி6-க்கு, மறுபடி பி7. பதினெட்டு நகர்த்தலில் டிரா. 'தொடர் செக்' என்று நாம் சொல்கிறோமே, விதிப் புத்தகத்தில் அப்படித் தனியாக ஒன்று இப்போது இல்லை. இதே மூன்று முறை விதிதான் அதற்கும்.

"அந்த மந்திரிய வெட்டிட வேண்டியதுதானே? சும்மாதானே நிக்குது?" என்றார். வெட்டுங்கள் என்றேன். வெட்டினார். கறுப்பு ராஜாவை டி7-க்கு ஒரு அடி நகர்த்தினேன். அதுவரை மூலையில் தூங்கிய யானை பி8-க்கு வரப்போகிறது, வந்தால் மேட். அவர் ராணியைக் கொண்டு ஒரு செக் வைத்துப் பார்த்தார், ராஜாவை டி6-க்கு நகர்த்தினேன். தேடித் தேடிப் பார்த்தார், தப்ப வழியில்லை. ஆட்டத்தை முதலிலிருந்து நாலு முறை வைத்துப் பார்த்தார்.

அந்த வக்கீல் மைட்னருக்கு ஆறு வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள், லிசே மைட்னர் என்றேன். ஆய்வகக்காரர் இல்லையா, உடனே நிமிர்ந்தார். "அணுப்பிளவு லிசே மைட்னரா?" அவரேதான். யுரேனியம் அணு இரண்டாகப் பிளக்கிறது என்பதை சகோதரி மகன் ஃபிரிஷ்ஷுடன் சேர்ந்து விளக்கியவர். 1944-க்கான வேதியியல் நோபல் பரிசை ஆட்டோ ஹானுக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள். பின்னால் 109-வது தனிமத்துக்கு மைட்னெரியம் என்று இவர் பெயரை வைத்தார்கள். தோழர் அரைமணி நேரம் நோபல் கமிட்டியைத் திட்டினார். என் காப்பி ஆறிப்போனாலும், மூத்தோர் கேடயம் அவர் நினைவிலிருந்து போனதில் எனக்குச் சந்தோஷம்.

கிளம்பும்போது அந்த வியன்னா ஆட்டத்தைப் பேரனுக்குக் காட்ட எழுதிக் கேட்டார். "எதில் எழுதட்டும்?" என்றேன். "அதான், உங்க மலை எழுத்துல" என்றார். எழுதிக் கொடுத்தேன். 'ஜா' பத்துக்கு மேல் வந்தது, ராஜா அப்படி நடந்திருக்கிறது.

அடுத்த மாதம் சின்னசேலத்தில் ஒரு போட்டி இருக்கிறதாம், இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். நானும் போகிறேன். அவர்களுக்கு மறுபடி ஜோடி விழுந்தால் ஐந்து மேசை தள்ளிப் போய் நின்றுகொள்வதாக முடிவு செய்திருக்கிறேன்.